கும்பகோணம் ஞாயிறு வகுப்பு: சென்டன்ஸ் கரெக்‌ஷனுக்குச் சேரலாமா?

எஸ்எஸ்சி, பேங்க் பரீட்சைகளுக்கு இங்கிலீஷை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லித்தரும் இடங்கள் டெல்டாவில் குறைவு. பெரும்பாலான சென்டர்களில் கணக்கும் ரீசனிங்கும் முடிந்தபின் மிச்ச நேரத்தில் இங்கிலீஷை ஒப்பேற்றிவிடுவார்கள். கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் இந்த வகுப்பு, வாக்கியத்திலுள்ள தப்பைத் திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷனுக்கென்றே மூன்று மாதம் ஒதுக்குகிறது. பாபநாசம், மயிலாடுதுறை, குடவாசல் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், அநேகம் பேர் தமிழ் மீடியம். அவர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். கையில் கொடுக்கும் அச்சுப் புத்தகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

“காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைப் போடு” என்ற யோசனையை இங்கே சொல்வதில்லை. முதல் நல்ல விஷயம் இதுதான். நம்மைச் சுற்றிக் காதில் விழுவதெல்லாம் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘கோப் அப் வித்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘மேரீட் வித்’. கேள்வித்தாளில் பொறியாக வைப்பதும் இவற்றைத்தான். பழகிய காது தப்பையே சரி என்று சொல்லும்.

அதற்குப் பதிலாக, வினைச்சொல்லை அதன் துணைச்சொல்லோடு (‘டு’, ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ போன்றவை) சேர்த்தே நோட்டில் எழுத வைக்கிறார்கள். டிஸ்கஸ், ரீச், ரிசெம்பிள், அக்கம்பனி இவற்றுக்குத் துணையே கிடையாது. நேராகப் பெயர்ச்சொல் வரும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் வந்தால் ‘டு’. ‘தேன்’ போட்டால் மார்க் போச்சு. ‘ரிகார்ட்’ வந்தால் ‘ஆஸ்’ வேண்டும், ‘கன்சிடர்’ வந்தால் இந்தப் பரீட்சைகளில் ‘ஆஸ்’ இல்லாத ஆப்ஷனே விடை. இன்சிஸ்ட் ஆன், ப்ரிவென்ட் ஃப்ரம், கேப்பபிள் ஆஃப் இவற்றின் பின்னால் ‘ஐஎன்ஜி’ வடிவம்.

போர்டில் போட்டுக் காட்டும் வாக்கியங்களும் பிள்ளைகளுக்குப் புரிகிற ஊர்ச் சங்கதிகள். ஒன்று: ‘ஹெவி ரெய்ன் ப்ரிவென்டட் தி ஃபார்மர்ஸ் ஆஃப் தி டெயில்-எண்ட் வில்லேஜஸ் டு ஹார்வெஸ்ட் தி குறுவை க்ராப்’. ‘டு ஹார்வெஸ்ட்’டின் கீழ் அடிக்கோடு. வினைச்சொல்லுக்கும் அதன் துணைக்கும் நடுவே கடைமடை விவசாயிகள் வந்து உட்கார்ந்துவிட்டதால் தப்பு கண்ணில் படாது. முதலில் ‘தி ஃபார்மர்ஸ்’ முதல் ‘வில்லேஜஸ்’ வரை பென்சிலால் அடிக்கச் சொல்கிறார்கள். ‘ப்ரிவென்டட் டு’ என்று மிஞ்சியதும் கோளாறு தெரிந்துவிடும். ஆப்ஷனில் ‘ஃப்ரம் ஹார்வெஸ்ட்’ என்றும் ஒன்று இருக்கும். ‘ஃப்ரம்’மைப் பார்த்ததுமே டிக் அடிப்பவர்கள் அங்கே விழுகிறார்கள், விடை ‘ஃப்ரம் ஹார்வெஸ்டிங்’.

‘டு’ வந்தால் பின்னால் ‘மீட்’டா, ‘மீட்டிங்’கா என்ற குழப்பத்துக்கு அருமையான ஒரு சோதனை சொல்லித்தருகிறார்கள். ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. ஆகவே ‘டு மீட்டிங்’. ‘ஐ வாண்ட் டு இட்’ நிற்கவில்லை. ஆகவே ‘டு மீட்’. ‘ஐ யாம் யூஸ்டு டு இட்’ என்பதும் நிற்கும், அதனால் ‘ஐ யாம் யூஸ்டு டு வேக்கிங் அப் எர்லி’. ‘யாம்’ இல்லாத ‘யூஸ்டு டு’ பழைய வழக்கத்தைச் சொல்வது, அது வேறு. அதையும் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

ஹார்ட்லி–வென், நோ சூனர்–தேன், பிட்வீன்–அண்ட் ஜோடிகள் ஒரே வகுப்பில் முடிந்துவிடுகின்றன. மனப்பாடம்தானே, அது போதும்.

புத்தகத்துக்கு வருவோம். விடைப்பட்டியலில் ‘தி கமிட்டி கம்ப்ரைஸஸ் ஆஃப் டென் மெம்பர்ஸ்’ சரி என்று இருக்கிறது. தப்பு. ‘கம்ப்ரைஸஸ் டென் மெம்பர்ஸ்’ அல்லது ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப் டென் மெம்பர்ஸ்’ என்றுதான் வரவேண்டும். ‘ப்ரிஃபர்’ வந்தாலே ‘டு’ என்ற விதியும் பாதிதான். ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’ சரி. ஆனால் ‘ஐ ப்ரிஃபர் டு ரீட்’ என்று தொடங்கினால் அடுத்து ‘ரேதர் தேன்’ வரும். பரீட்சையில் இரண்டையும் கேட்பார்கள். இவ்வளவு அக்கறையாகப் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு திருத்தத் தாள் அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா?

வாசல் பலகையில் எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் வந்த அதன் புது வடிவமான ஃபோகஸ் எடிஷனிலேயே சென்டன்ஸ் கரெக்‌ஷனை எடுத்துவிட்டார்கள். அதற்காகச் சேர்பவர்களுக்கு இந்த வகுப்பால் பலன் இல்லை.

இன்னொன்று, நேரம் வைத்துப் பயிற்சி கடைசி மாதத்தில்தான் தொடங்குகிறது. மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்வி. இங்கிலீஷ் மட்டும் 25, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், தப்பானால் அரை மார்க் கழியும். சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்று வகுப்பில் சொல்வதை ஏற்க முடியவில்லை. நாலு ஆப்ஷனில் இரண்டைக் கழித்துவிட்டால், அப்படிப்பட்ட நாலு கேள்வியில் இரண்டு சரியானாலே 4 மார்க், தப்பான இரண்டுக்கு 1 போகும், 3 கையில் நிற்கும். ‘நோ இம்ப்ரூவ்மென்ட்’ (திருத்தம் தேவையில்லை) என்ற ஆப்ஷனும் நிஜமாகவே விடையாக வரும். மற்ற மூன்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டால் தயங்காமல் அதைப் போடலாம். இரண்டாவது மாதத்திலிருந்தே 25 கேள்வியை 12 நிமிடத்தில் போட்டுப் பழகுவதை வீட்டில் நீங்களாகவே தொடங்கிவிடுங்கள்.