உலக நுவார் சேர்க்க எது தோது: டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கேயா?

நுவார் என்பது குற்றமும் நிழலும் சோகமும் கலந்த படவகை. ஜப்பானிய இயக்குநர் கொரேயோஷி குராஹரா 1957-இல் எடுத்த ‘ஐ ஆம் வெயிட்டிங்’ படத்தை வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய படங்களை வட்டில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் தன் எக்லிப்ஸ் வரிசையில் 2009-இல் விட்ட ‘நிக்கட்சு நுவார்’ டிவிடி பெட்டி. ஐந்து படங்கள், கூடுதல் சமாச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இன்னொன்று, அதே வேலையைச் செய்யும் பிரிட்டனின் ரேடியன்ஸ் நிறுவனத்தின் ‘வேர்ல்ட் நுவார்’ முதல் தொகுதி. இதில் மூன்றே படங்கள், ஆனால் எல்லாம் ப்ளூ-ரே. குராஹராவுக்குத் துணையாக எதுவார் மொலினாரோவின் பிரெஞ்சுப் படம் ஒன்றும், பியெத்ரோ ஜெர்மியின் இத்தாலியப் படம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுமே 1959-இல் வந்தவை.

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் ரேடியன்ஸ்தான், பேச்சே இல்லை. துறைமுக இரவும் மழை ஈரமும்தான் அந்தப் படத்தின் பாதி. டிவிடியில் அவை மங்கிவிடுகின்றன. ஆனாலும் நான் முதலில் கை வைப்பது எக்லிப்ஸ் பெட்டியில்தான். 1957 தொடங்கி 1967-இன் ‘எ கோல்ட் இஸ் மை பாஸ்போர்ட்’ வரை, நிக்கட்சு என்ற ஒரே ஸ்டூடியோ சோகக் காதலிலிருந்து துப்பாக்கி விளையாட்டுக்கு எப்படி நகர்ந்தது என்பதை வரிசையாகப் பார்க்க முடிகிறது. நுவாரை நாடு நாடாகச் சேர்ப்பவருக்கு அதுதான் ருசி. நாட்டுக்கு ஒரு படம் என்று சுவைத்துப் பார்க்க நினைப்பவருக்கு ரேடியன்ஸ் பெட்டி பொருந்தும்.

ஹாலிவுட் நுவார் என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பெரும்பாலானவை நல்ல ப்ளூ-ரேயில் வந்துவிட்டன. வெளிநாட்டுப் படங்களில்தான் டிவிடியை ஒதுக்கினால் பல படங்களையே ஒதுக்கியதாகிவிடும்.

அதற்காக எந்த டிவிடியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஐரோப்பிய டிவிடிகளில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையின் தொல்லை ஒன்று உண்டு. நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தை அது 25-இல் ஓட்டும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சரி, நான்கு நிமிடம்தானே என்று விடலாம். ஆனால் லூயி மால் 1958-இல் தந்த ‘எலிவேட்டர் டு த கேலோஸ்’ படத்துக்கு மைல்ஸ் டேவிஸ் வாசித்த டிரம்பெட், சுருதி சரிசெய்யப்படாத வட்டில் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிக் கேட்கும். அந்த இசைக்காகவே படம் வாங்குபவர் ப்ளூ-ரேக்குத்தான் போக வேண்டும். அங்கே 24 என்பது 24-ஆகவே ஓடும்.

அதே படத்தில் நடிகை ஜான் மொரோ இரவில் பாரிஸ் தெருவில் காதலனைத் தேடி நடக்கும் காட்சியையும் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே தனி விளக்கு வைக்காமல், வேகமான ஃபிலிமைப் போட்டு, கடைக் கண்ணாடிகளின் வெளிச்சத்திலேயே எடுத்தார். அதனால் முகம் முழுக்க கிரெயின், அதாவது ஃபிலிமின் நுண்புள்ளிகள், மிதக்கும். நல்ல ப்ளூ-ரேயில் அந்தப் புள்ளிகளுக்குள் கன்னத்தின் வளைவு தெரியும். ஸ்ட்ரீமிங்கில் சுருக்கம் அதிகமானால் அதே இடம் பிசுபிசுவென்று கட்டம் கட்டமாக உடையும். சிலர் ரெஸ்டோரேஷன் (பழைய படத்தைச் சீர்செய்தல்) என்ற பெயரில் கிரெயினைத் தேய்த்தே எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் மொரோ மெழுகுப் பொம்மைதான். ஒலியிலும் இதே கதை. ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தில் அரை மணி நேரம் வசனமும் இசையும் இல்லாமல் ஒரு கொள்ளை நடக்கும். இரைச்சலை ஒட்டத் துடைத்த ஒலித்தடத்தில் அந்த அறையின் காற்றும் சேர்ந்து செத்துவிடும்.

ப்ளூ-ரேயை விட நுணுக்கமான 4கே வட்டு? கறுப்புக்குள் இருக்கும் கறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. நல்ல திரை வைத்திருந்தால். அந்த வட்டுகளுக்கு ரீஜன் பூட்டும் (ஒரு பகுதியின் பிளேயரில் மட்டும் ஓட வைக்கும் தடை) கிடையாது. கூடவே வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். உறையில் ‘4கே ரெஸ்டோரேஷன்’ என்று போட்டிருந்தால் உள்ளே 4கே வட்டு இருப்பதாக அர்த்தம் இல்லை. பல நேரம் அது ப்ளூ-ரேதான்.

டிவிடியா ப்ளூ-ரேயா என்பதை விட நான் அதிகம் பார்ப்பது, வட்டில் இருப்பது படத்தின் எந்த வடிவம் என்பதை. ஜூல்ஸ் டாசினின் ‘நைட் அண்ட் த சிட்டி’ (1950) பிரிட்டனில் ஒன்றாகவும் அமெரிக்காவில் வேறொன்றாகவும் ஓடியது. பிரிட்டிஷ் வடிவுக்கு பெஞ்சமின் ஃபிராங்கலின் இசை, அமெரிக்க வடிவுக்கு ஃபிரான்ஸ் வாக்ஸ்மேன். நீளமும் வேறு. கிரைட்டீரியனின் ப்ளூ-ரேயில் இரண்டுமே உண்டு. ஒன்றை மட்டும் தரும் வட்டு எத்தனை பளிச்சென்று இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கை நான் ஒத்திகைக்கு வைத்துக்கொள்கிறேன்: பார்த்து, பிடித்தால் வாங்குவது. பழைய படங்களுக்கான ஸ்ட்ரீமிங் சேவை ஃபில்ம்ஸ்ட்ரக் 2018 நவம்பரில் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்தவர்கள் ஓர் அலமாரியையே இழந்தார்கள். வட்டும் நிரந்தரம் அல்ல: கிரைட்டீரியனின் ‘தர்ட் மேன்’ ப்ளூ-ரே, உரிமை கைமாறியதால் 2010-இல் அச்சிலிருந்து போனது. ஆனால் வாங்கி வைத்தவர் வீட்டிலிருந்து அதை யாரும் எடுத்துப் போகவில்லை.

அதனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பெரிய பெயர்களைத் தள்ளிப் போடலாம். அர்ஜென்டினாவின் ‘த பிளாக் வாம்பயர்’ (1953), ‘த பிட்டர் ஸ்டெம்ஸ்’ (1956) இரண்டையும் யூசிஎல்ஏ திரைப்பட ஆவணக் காப்பகமும் ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனும் மீட்க, ஃபிளிக்கர் ஆலி நிறுவனம் ப்ளூ-ரேயும் டிவிடியும் சேர்ந்த பதிப்பாக விட்டிருக்கிறது. ‘தர்ட் மேன்’ யாராவது ஒருவரிடமிருந்து மறுபடி வரும். இவை தீர்ந்தால் அடுத்து யார் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.