ஜஸ்ட் கிட்ஸா, பாஸ்கெட்பால் டைரீஸா? 19 வயசு பையனுக்கு எத குடுக்கறது

அக்கா பையனுக்கு இந்த வருஷம் 19. கவிதை எழுதறான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு கிதார் வாங்கி வச்சுக்கிட்டு எழுதினத ராத்திரியெல்லாம் பாடிப் பாக்கறான், காலேஜ விட்டுடலாமான்னு வேற மனசுக்குள்ள ஓடுதுன்னு அக்கா சொன்னா. பிறந்தநாளுக்கு ஒரே ஒரு புத்தகம் குடுக்கணும்னு அலமாரி முன்னாடி நின்னப்ப கை ரெண்டு புத்தகத்துக்குதான் போச்சு. ஒண்ணு பட்டி ஸ்மித் தன்னோட வாழ்க்கைய எழுதின ‘ஜஸ்ட் கிட்ஸ்’, இன்னொண்ணு ஜிம் கேரலோட சின்ன வயசு டைரியான ‘பாஸ்கெட்பால் டைரீஸ்’. ரெண்டு பேருமே கவிஞரா இருந்து பங்க் ராக் இசை மேடைக்கு வந்தவங்க, ஒரே நியூயார்க், ஒரே காலம், 1970 வாக்குல கொஞ்ச நாள் காதலர்களாவும் இருந்தாங்க. ரெண்டுமே எனக்கு ரொம்ப வேண்டிய புத்தகங்க. நான் கடைசில குடுத்தது ஜஸ்ட் கிட்ஸ், ஏன்னு சொல்றேன்.

முதல்ல டைரீஸ். கேரல் 1949ல பொறந்தவர், ஐரிஷ் கத்தோலிக்க உழைப்பாளி குடும்பம், மன்ஹாட்டனோட வடக்கு முனைல இன்வுட்ங்கற ஏரியாவுல வளந்தார், பாஸ்கெட்பால் ஆட்டத்துக்காக டிரினிட்டிங்கற பணக்கார ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப் கெடச்சுது. டைரி 13 வயசுல ஆரம்பிக்குது. மொத பக்கத்துலயே 12 வயசுக்குட்பட்டவங்க ஆடற லீக்ல ஆடறதுக்கு கோச் அவருக்கு போலி பர்த் சர்டிஃபிகேட் ரெடி பண்ணி குடுக்கறார், அத ஒரு விஷயமாவே எடுத்துக்காம சொல்லிட்டு அவன் பாட்டுக்கு ஆட போயிடறான். அந்த வேகம்தான் புத்தகம் முழுக்க. பசங்க பாறை மேலேந்து ஹார்லெம் ஆத்துக்குள்ள குதிக்கறது, கைப்பை திருடறது, அப்பறம் ஹெராயின், அதுக்கு காசு சேக்க என்னென்னவோ செய்யறது. 22 வயசுல நான் இத ஒரே ராத்திரில படிச்சேன், விடியக்காலைல தலை கிறுகிறுன்னு ஆயிடுச்சு, இப்படியும் எழுதலாமான்னு. எழுத்து அவ்ளோ உயிரா இருக்கும். அதுல சந்தேகமே இல்ல. பட்டி ஸ்மித்தே சொல்லிருக்காங்க, 1970ல அவர பாத்தப்பவே தலைமுறைலயே சிறந்த கவிஞர்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு.

மொழி மட்டும் கொஞ்சம் கஷ்டம். அறுபதுகளோட தெரு ஸ்லாங், நாலு வரிக்கு ஒரு தடவ நின்னு யோசிக்கணும். ஜஸ்ட் கிட்ஸ் அப்படியில்ல, ஸ்கூல்ல படிச்ச இங்லீஷே போதும். ஆனா அதுக்காக நான் இத எடுக்கல.

நான் யோசிச்சது ஒரே ஒரு விஷயம்தான். எழுதணும்னு ஒருத்தன் முடிவு பண்றதுக்கும் அவன் எழுதினத ஊர் கேக்கறதுக்கும் நடுவுல சில வருஷம் இருக்குல்ல, வாடகை குடுக்கணும், சாப்புடணும், எழுதினது நல்லாருக்கான்னு தெரியாது, வீட்ல வேற கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த வருஷங்கள எந்த புத்தகம் காட்டுது? அக்கா பையன் இப்ப நிக்கற எடம் அதுதான், அவனுக்கு வேண்டியது அதுதான்.

ஜஸ்ட் கிட்ஸ் முழுக்க அதுதான். 1967 ஜூலைல பட்டி நியூயார்க் போறதுக்கு பஸ் ஏற வராங்க, டிக்கெட் வெல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஏறிருக்கு, கைல அவ்ளோ காசு இல்ல. என்ன பண்றதுன்னு யோசிக்க போன் பூத்துக்குள்ள போனா அங்க யாரோ மறந்து விட்டுட்டுப் போன கைப்பை, உள்ள 32 டாலர். அத எடுத்துக்கிட்டுதான் ஊர விட்டே கெளம்பறாங்க. அங்க ராபர்ட் மேப்பிள்தோர்ப்ப பாக்கறாங்க, பின்னாடி பெரிய போட்டோகிராபரா ஆனவர், அப்ப அவரும் கைல காசில்லாத பையன். மியூசியத்துக்கு ஒரு டிக்கெட்டுக்குதான் காசு இருக்கும், ஒருத்தர் உள்ள போய் பாத்துட்டு வந்து வெளில நிக்கற இன்னொருத்தர் கிட்ட என்னென்ன இருந்துதுன்னு சொல்லணும். ஒருநாள் நாம ரெண்டு பேரும் சேந்து உள்ள போவோம், அங்க மாட்டிருக்கறது நம்ம வேலையா இருக்கும்னு ராபர்ட் சொல்வார். இந்த எடத்த நான் எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியல.

பட்டி புத்தகக் கடைல வேலை பாத்தாங்க, பிரென்டானோஸ், அப்பறம் ஸ்க்ரிப்னர்ஸ். 1969ல செல்சீ ஹோட்டல்ல 1017ங்கற ரூம், அங்க இருக்கறதுலயே சின்ன ரூம், வாரம் 55 டாலர். பசிக்கற நாள்ல காசு போட்டா கண்ணாடிக் கதவு தொறந்து சாப்பாடு எடுத்துக்கற கடை ஒண்ணுக்கு போறாங்க, சீஸ் சாண்ட்விச் வெல 65 சென்ட்டா ஏறிருக்கு, கைல இருக்கறது 55, கதவு தொறக்கல. பின்னாடிலேந்து ஒருத்தர் கொறைஞ்ச 10 சென்ட்ட குடுக்கறார், காபியும் வாங்கித் தரார். அது அப்பவே பெரிய கவிஞரான ஆலன் கின்ஸ்பர்க். அழகான பையன்னு நெனச்சுதான் உதவி பண்ணிருக்கார், பேசிக்கிட்டு இருக்கறப்பதான் நீ பொண்ணான்னு கேக்கறார். நாம சந்திச்சத நீ எப்படி சொல்வேன்னு பின்னாடி அவர் கேட்டப்ப, பசியா இருந்தப்ப நீங்க சோறு போட்டீங்கன்னு சொல்வேன்னு பட்டி சொன்னாங்களாம்.

கணக்கு போட்டுப் பாத்தா, ஊருக்கு வந்தது 1967. லென்னி கேங்கறவர் கூட நின்னு கிதார் வாசிக்க செயின்ட் மார்க்ஸ் சர்ச்சுல மொத தடவ கவிதை வாசிச்சது 1971 பிப்ரவரி 10. அவங்களோட மொத ஆல்பம் ‘ஹார்சஸ்’ வந்தது 1975 நவம்பர். எட்டு வருஷம்! அந்த ஆல்பம் அட்டைல இருக்கற வெள்ளை சட்டை பழைய துணி விக்கற கடைல வாங்கினது, சுவத்துல விழுந்த ஒரு முக்கோண வெளிச்சத்த நம்பி ராபர்ட் பன்னெண்டே ஷாட் எடுத்து கெடச்சிடுச்சுன்னு சொல்லிட்டார். பன்னெண்டு ஷாட்டுல முடிஞ்சுதுன்னா அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க, அது அந்த பக்கத்த படிக்கறப்ப தானா புரியும், யாரும் எடுத்து சொல்ல வேண்டியதில்ல.

இதே கேள்விய டைரீஸ் கிட்ட கேட்டா பதில் கெடைக்காது. ஏன்னா அது 16 வயசுலயே நின்னுடுது, போதைல நாள் கணக்கா கெடந்துட்டு, சுத்தமாகணும்னு ஒரு ஆசையோட. அதுக்கப்பறம்தான் கேரலோட பெரிய கதையே. 1973ல நியூயார்க்க விட்டு கலிஃபோர்னியால பொலினாஸ்ங்கற சின்ன கடலோர ஊருக்கு போய் ஹெராயின விட்டார், டைரீஸ் புத்தகமா வந்ததே அங்கேந்துதான், 1978ல. அதே வருஷம் சான் டியேகோல பட்டியோட குழு பின்னாடி வாசிக்க இவர் முன்னாடி நின்னு கவிதை படிச்சார், பேண்ட் ஆரம்பிக்கற எண்ணத்துக்கு அதுதான் தைரியம் குடுத்துது. 1980ல அந்த பேண்டோட மொத ஆல்பம் ‘கத்தோலிக் பாய்’ வந்தப்ப அவருக்கு 31 வயசு. அதுல செத்துப் போன நண்பர்கள் பேர ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே போற பாட்டு இருக்கே, வேகமா துள்ளிக்கிட்டு போகும், கேட்டு முடிச்சா தொண்ட அடைக்கும். டைரீஸ் எழுதின பையன் பொழச்சு வந்ததுக்கப்பறம்தான் அந்தப் பாட்ட எழுத முடிஞ்சுது. ஆனா பொழச்ச கதை டைரீஸ்ல இல்ல, 1987ல வந்த ‘ஃபோர்ஸ்ட் என்ட்ரீஸ்’ங்கற அவரோட அடுத்த டைரி புத்தகத்துலதான் இருக்கு. டைரீஸ மட்டும் 19 வயசு பையன் கைல குடுத்தா ஊசிய மட்டும் குடுத்த மாதிரி ஆயிடும்னு எனக்கு பயம். கவிஞன்னா இப்படித்தான் எரியணும்போலன்னு நானே ஒரு ரெண்டு வருஷம் நெனச்சுக்கிட்டு திரிஞ்சேன், எழுதினது ஒண்ணும் இல்ல.

ஜஸ்ட் கிட்ஸ்ல கொறையே இல்லன்னு சொல்லல. நாப்பது வருஷம் கழிச்சு திரும்பிப் பாக்கறதால எல்லாமே கோயில் விளக்கு வெளிச்சத்துல தெரியற மாதிரி இருக்கும், எல்லாரும் அழகா இருப்பாங்க, பெரிய பெரிய பேர்கள் வரிசையா வந்து போகும். கோவம் கம்மி. டைரீஸ்ல இருக்கற அந்த அழுக்கு, அந்த சிரிப்பு இதுல கெடைக்காது. ஆனா இது ஒரு வாக்குக்காக எழுதின புத்தகம்ங்கறத மறக்க முடியல. 1989 மார்ச்ல ராபர்ட் எய்ட்ஸ்ல சாகறதுக்கு முன்னாடி நம்ம கதைய எழுதறேன்னு பட்டி வாக்கு குடுத்தாங்க, எழுதி முடிச்சு வந்தது 2010ல, அமெரிக்காவோட நேஷனல் புக் அவார்டும் அந்த வருஷமே கெடச்சுது. அத படிக்க கேரல் இல்ல, 2009 செப்டம்பர் 11ல மாரடைப்புல போயிட்டார், எழுதற மேசைலயே. அவரோட ஒரே நாவலும் அதே 2010லதான் வந்துது.

கவிதைகளுக்குள்ள நான் போகல. ரெண்டு பேரோட கவிதைத் தொகுப்புகளையும் அங்கங்க புரட்டினதோட சரி, கேரலோட பிந்தைய ஆல்பங்களும் ஒண்ணு ரெண்டு தடவதான் கேட்டிருக்கேன். பாட்டுன்னு மட்டும் பாத்தா வேற யாராவது வேற மாதிரி சொல்லலாம்.

குடுத்து மூணு வாரம் ஆச்சு. நேத்து ராத்திரி போன், “மாமா, இதுல ஜிம் கேரல்னு ஒருத்தர் வராரே, அவர் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?”ன்னு. இருக்குடான்னு சொல்லிட்டேன். ஃபோர்ஸ்ட் என்ட்ரீஸும் ஆர்டர் போட்டிருக்கேன், அது வரட்டும், ரெண்டையும் சேத்தே குடுக்கறேன்.