அப்பாவின் பைபிளும் மண்ணடி பைண்டிங் கடையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. நாங்கள் முதலில் பரணில் ஏற்றியது டிவியை. அடுத்தது மிக்சி, புடவைப் பெட்டி, என் தையல் மெஷினின் தலை. அப்பாவின் பைபிள் அலமாரியின் கீழ்த்தட்டிலேயே கிடந்தது. 'உங்கள் பொக்கிஷம் எங்கே' என்று அன்று காலையில் கேட்டிருந்தால், வசன எண்ணோடு பதில் சொல்லியிருக்கக்கூடிய குடும்பம்தான்!

காய்ந்தபோது புத்தகம் உப்பி, முதுகு பிளந்து, ஆதியாகமம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. முதலில் கொடுத்த ஒரு கடையில் முதுகில் பசையை அப்பித் தந்தார்கள். இரண்டே மாதத்தில் சங்கீதம் உதிர ஆரம்பித்தது. பிறகுதான் சபையில் ஒரு அக்கா இந்தக் கடையைச் சொன்னார்.

மண்ணடி மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். பெயர்ப்பலகை இல்லை, வாசலில் அட்டைக் கட்டுகளும், அவற்றின் மேல் பாரத்துக்கு வைத்த செங்கற்களும்தான் அடையாளம். நடத்துகிற பெரியவரை எல்லோரும் பாய் என்கிறார்கள். வக்கீல்களின் சட்டப் புத்தகங்கள் கீழ்த்தட்டில்; குர்ஆனும் பைபிளும் மேல்தட்டில், துணி மூடி.

நான் இருபது வருடமாகத் தையல்காரி. தையலில் என்னை ஏமாற்ற முடியாது. பாய் பழைய பசையை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுச் சுரண்டி, பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள் கட்டுகளைப் பாரம் என்பார்கள்) பிரித்து, மடிப்பில் கிழிந்த தாள்களுக்கு மெல்லிய தாள் ஒட்டி, ஒவ்வொரு பாரத்தையும் கையால் தைத்திருக்கிறார். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானபோதும் இப்படித்தான் தைத்திருப்பார்கள். பசையில் மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி வராதாம். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புத்தகம் கை வைக்காமலே விரிந்து நிற்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது தையலுக்காக அல்ல. "மூன்று பக்கமும் வெட்டினால்தான் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஓரத்தில் ஐயா கணக்கு எழுதியிருக்கிறாரே, அம்மா. வெட்டினால் போய்விடுமே" என்று பாய் கேட்டார். எனக்கு அதுவரை தெரியாது. லூக்கா 12ஆம் அதிகாரம், 'என் களஞ்சியங்களை இடித்து, பெரிதாகக் கட்டி' என்று இயேசுவின் உவமையில் வரும் ஐசுவரியவான் சொல்லுகிற இடம். பக்கத்தில் பென்சிலில் அப்பாவின் பொடி எழுத்து: 'மாடி அறை 12,000. தம்பி ஆபரேஷன். மாடி பிறகு.'

அந்தப் பிறகு வரவே இல்லை. துறைமுகத்தில் குமாஸ்தா சம்பளம். சித்தப்பா பிழைத்து இன்றும் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். அதைப் படித்து நெகிழ்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது கோபம். மாடி இருந்திருந்தால் அந்த இரவு இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டாமே! கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ரெக்சின் அட்டையோடு 650 ரூபாய். ஐம்பது குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். புயலுக்குப் பின் தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்கு வாயே திறக்காதவள்தான் நான். பாய் குறைக்கவில்லை.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் இருபத்துநான்கு நாள் எடுத்தார். போனை எடுப்பதே இல்லை. முகப்பில் பொன்னெழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது, மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணை உறுத்தும். ஓரம் வெட்டாததால் பக்கங்கள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். வெள்ளக்கறையும் அப்படியே தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை முடிந்து மூன்று மணிக்குத்தான் திறக்கிறார். புத்தகத்தைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் தாள் வேர்த்துவிடும், அதற்கு என்னைத் திட்டினார்.