சல்சாவுல ஒரு வருஷமா பேக்கேஜ் பண்றேன், என் ரிவ்யூ

டெபியன்ங்கற லினக்ஸுக்கு டெஸ்க்டாப் ஆப் பேக்கேஜ் பண்றவங்க, அதாவது இன்ஸ்டால் பண்ற மாதிரி டெப் ஃபைலா மாத்தி தர்றவங்க, பெரும்பாலும் வந்து சேர்ற இடம் சல்சா, கோட் வச்சு சேந்து வேலை பாக்கற சர்வர். 2018ல அலியோத்ங்கற பழைய சர்வருக்கு பதிலா கிட்லேப் சாஃப்ட்வேர் மேல இத கொண்டு வந்தாங்க. ஜிடிகே டூல்கிட்ல எழுதின சின்ன நோட்ஸ் ஆப் ஒண்ண ஒரு டீமோட சேந்து பேக்கேஜ் பண்ணிட்டு இருக்கேன், அத வச்சு சொல்றேன், புதுசா கத்துக்க வர்றவங்களுக்கு ரொம்ப நல்ல இடம்.

அக்கவுண்ட் உடனே ஓப்பன் ஆகாது, அட்மின் பாத்து அப்ரூவ் பண்ணணும், அதனால வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிருங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது சல்சா சிஐ, அதாவது கோட தானா பில்ட் பண்ணி செக் பண்ற வசதி தான். செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரி பாத் குடுத்தா போதும், ஒவ்வொரு தடவ கோட புஷ் பண்ணும்போதும் சுத்தமான சூழல்ல பில்ட் பண்ணி, லின்டியன்ங்கற டூல வச்சு பேக்கேஜ்ல தப்பு இருக்கான்னு பாத்து, பியூபார்ட்ஸ் வச்சு இன்ஸ்டால் பண்ணி திரும்ப எடுத்து ஏதாவது மிச்சம் கெடக்கான்னு வரைக்கும் பாத்துரும். என் மெஷின்ல அழகா பில்ட் ஆன ஆப் அங்க முதல் தடவையே விழுந்துச்சு. என்னன்னு பாத்தா பில்ட் பண்ண தேவையானத எழுதற பில்ட் டிபென்ட்ஸ்ல, மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட்ட எழுதவே இல்ல, என் மெஷின்ல ஏற்கனவே இருந்ததால எனக்கு தெரியல.

அத சரி பண்ணி அனுப்பினா அடுத்து ரெப்ரோடெஸ்ட்ங்கற செக் சிவப்பு, அதாவது ஃபெயில். அது ஒரே சோர்ஸ ரெண்டு தடவ பில்ட் பண்ணும், ரெண்டாவது தடவ நேரம், டைம்சோன், லொக்கேல் (மொழி செட்டிங்) மாதிரி விஷயங்கள மாத்தி வச்சிட்டு ரெண்டு டெப் ஃபைலும் பைட் பைட்டா ஒண்ணா இருக்கான்னு பாக்கும். ரெண்டு ஃபைலுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டற டிஃபோஸ்கோப்ல போட்டு பாத்தேன், அபௌட் டயலாக்ல பில்ட் பண்ண தேதிய எழுதற ஒரு வரி, அவ்ளோதான். சோர்ஸ் டேட் எபோக்ங்கற வேரியபிள்ல இருந்து தேதி எடுக்கற மாதிரி மாத்தினதும் பச்சை ஆயிடுச்சு, அது மாற்றங்கள எழுதி வைக்கற டெபியன் சேஞ்ச்லாக்ல இருக்கற கடைசி தேதிய எடுத்துக்கும், அதனால எப்ப பில்ட் பண்ணாலும் அதே தேதி தான். டீம்ல ரிவ்யூ பண்ற அண்ணன் இந்த பேட்ச்ச இங்கயே வச்சுக்காதீங்க, அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது ஆப்ப எழுதினவங்களுக்கே அனுப்புங்க, மத்த டிஸ்ட்ரோக்காரங்களுக்கும் உதவும்னாரு. அனுப்பினேன், எடுத்துக்கிட்டாங்க.

இந்த மாதிரி வேலைய எல்லாம் மெஷின் பாத்துக்கறதால மனுசங்க முக்கியமானத பேச நேரம் கெடைக்குது. அதே அண்ணன் மெர்ஜ் ரிக்வெஸ்ட்ல (மாற்றத்த சேத்துக்க சொல்லி கேக்கற பக்கம்) காப்பிரைட் ஃபைலுக்கு நேரா, ஐக்கான் ஃபோல்டர தொறந்து பாத்தீங்களான்னு கேட்டிருந்தாரு. நான் மொத்தத்துக்கும் ஜிபிஎல் 3ன்னு எழுதி விட்டுருந்தேன், ஐக்கான்ல பாதி கிரியேட்டிவ் காமன்ஸ். சிஐ பைப்லைன் ஃபுல்லா பச்சையா இருந்தும் இத சொல்லவே இல்ல. ஆப்போட விவரம் இருக்கற மெட்டாஇன்ஃபோ ஃபைல் இல்லாம சாஃப்ட்வேர் சென்டர்ல தேடறவங்களுக்கு ஆப் சரியா தெரியாதுன்னும் அவர் தான் எடுத்து சொன்னாரு, டெஸ்க்டாப் ஆப்புக்கு அது இல்லன்னா பேக்கேஜ் பண்ணியும் நெறைய பேருக்கு போய் சேராம போகலாம்.

சேஞ்ச்லாக் பத்தி ஒரு விஷயம், நாலு பேர் நாலு மெர்ஜ் ரிக்வெஸ்ட்ல அத தொட்டா கான்ஃப்ளிக்ட் தான் மிஞ்சும். எங்க டீம்ல யாரும் தொட மாட்டோம், ரிலீஸ் நேரத்துல ஜிபிபி டிசிஎச்ங்கற கமாண்ட ஓட்டினா கமிட் மெசேஜ்ல இருந்து அதுவே எழுதிக்கும், அதனால கமிட் மெசேஜ ஒழுங்கா எழுதுங்க.

குறைன்னா எல்லாம் ஒரே எடத்துல இல்ல. பக் ட்ராக்கர் தனி. சல்சாவுல மெர்ஜ் ஆனா மட்டும் பேக்கேஜ் டெபியனோட ஆர்க்கைவுக்கு போயிராது, அப்லோட் உரிமை இருக்கறவர் சைன் பண்ணி அனுப்பணும், முதல் தடவ வர்ற பேக்கேஜ்னா அதுக்கப்புறம் நியூ க்யூல, அதாவது புது பேக்கேஜ செக் பண்ற வரிசைல நிக்கணும். ரொம்ப பெரிய சாஃப்ட்வேர்னா பைப்லைன் முடிய நெறைய நேரம் புடிக்கும், அதுக்கு உங்க மெஷின்லயே எஸ்பில்ட்ங்கற பில்ட் டூல வச்சு பாத்துட்டு புஷ் பண்றது நல்லது.

எங்க ஆப் இப்ப நியூ க்யூல இருக்கு. அங்க ரிவ்யூ பண்றவங்க முக்கியமா பாக்கறதே காப்பிரைட் ஃபைல தான், அந்த ஐக்கான் விஷயத்த முன்னாடியே புடிச்சு குடுத்த அண்ணனுக்கு பெரிய நன்றி.