விடைபெறும் மாடலில் தள்ளுபடி: கியர்பாக்ஸ் எதுவென்று பார்த்தபின் பேரம் பேசுங்கள்

புதிய தலைமுறை கார் வரப்போகிறது என்று உறுதியானதும், ஷோரூமில் நிற்கும் பழைய மாடலுக்குத் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கார் என்றால் கணக்கு சுலபம். தள்ளுபடி எவ்வளவு, நாளைக்கு விற்கும்போது எவ்வளவு குறையும், இரண்டையும் கழித்துப் பார்த்தால் போதும். ஆட்டோமேட்டிக்கில் அது போதாது. காரில் என்ஜினுக்கு அடுத்தபடியாகச் செலவு வைக்கும் பாகங்களில் ஒன்று கியர்பாக்ஸ். வாரண்டி முடிந்த பிறகு அது படுத்துவிட்டால், வாங்கும்போது மிச்சப்படுத்தியது மொத்தமும் ஒரே பில்லில் போய்விடும்.

அதே சமயம், ஆட்டோமேட்டிக் வாங்குபவருக்குத்தான் பழைய மாடலால் பெரிய லாபமும் உண்டு. ஐந்தாறு வருடம் பலர் ஓட்டிய கியர்பாக்ஸின் குணம் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும். எங்கே உதறுகிறது, எத்தனை கிலோமீட்டரில் கிளட்ச் மாற்ற வேண்டியிருக்கிறது, கம்பெனி திரும்ப அழைத்ததா என்பதையெல்லாம் சர்வீஸ் சென்டருக்கு வெளியே வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினாலே தெரிந்துகொள்ளலாம். கார் விலை குறையும் நேரமும் அதைப் பற்றிய விவரம் நிறையக் கிடைக்கும் நேரமும் ஒன்றுதான். எனக்கு இது தள்ளுபடியைவிடப் பெரிய விஷயம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தலைமுறை மாறும்போது கியர்பாக்ஸும் மாறுகிறதா என்பதைத்தான். இதற்கு நேரெதிரான இரண்டு உதாரணங்கள் உண்டு.

ஃபோர்டு ஃபோகஸின் மூன்றாம் தலைமுறையில் பல பெட்ரோல் வகைகளுக்கு 'பவர்ஷிஃப்ட்' என்ற டிரை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது, அதாவது ஆயிலில் முழுகாத இரண்டு கிளட்சுகள் மாறிமாறி வேலை செய்யும் வகை. மெதுவாக நகரும்போது உதறுவது அதன் தீராத குறை. ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. புகார் செய்த வாடிக்கையாளர்களிடம் 'நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்' என்று சொல்லி அனுப்பிய விவகாரத்தில், 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே 2018-இல் வந்த நான்காம் தலைமுறை ஃபோகஸில், ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள 8-வேக ஆட்டோமேட்டிக் இடம்பெற்றது. இப்படியொரு மாற்றம் நடக்கும்போது பழைய மாடலுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அது மலிவு இல்லை. அந்த கியர்பாக்ஸை கம்பெனியே கைவிட்டுவிட்டது என்றால், விற்கப் போகும்போது வாங்க வருபவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம், அமெரிக்கச் சந்தையின் டொயோட்டா கொரோல்லா. 2014 மாடலில்தான் பெரும்பாலான வகைகள் சிவிடிக்கு (படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட் மூலம் வேகத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக்) மாறின. அதற்கு முந்தைய மாடலில் இருந்தது 4-வேக ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் என்ஜின் சத்தம் கூடுதல், மைலேஜ் கொஞ்சம் குறைவு, ஆனால் நீண்ட காலம் உழைப்பதற்குப் பெயர் வாங்கியது. பத்து வருடம் ஒரே காரை வைத்திருக்கும் பழக்கம் உள்ளவருக்கு, பழைய மாடலைத் தள்ளுபடியில் எடுப்பது அங்கே நல்ல முடிவு. மூன்று வருடத்தில் விற்பவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். புதிய மாடல் தெருவில் ஓட ஆரம்பித்ததும் பழைய உருவத்துக்கு மதிப்பு சரியும், தள்ளுபடியில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

புதிய மாடல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பார்கள்: புதிய தொழில்நுட்பம், முழு ஆயுள். ஆனால் புத்தம் புதிய கியர்பாக்ஸின் முதல் வருடத்தை நான் தவிர்க்கவே சொல்வேன். 2013-இல் ஜீப் செரோக்கி புதிய 9-வேக ஆட்டோமேட்டிக்குடன் வந்தபோது, அதன் மென்பொருளைச் சரிசெய்வதற்காக விநியோகமே தள்ளிப்போனது. வெளியே வந்த பிறகும் அப்டேட் மேல் அப்டேட். முழு விலை கொடுத்தவர்கள்தான் அந்தச் சோதனைக் காலத்தையும் சுமந்தார்கள்.

இனி கியர்பாக்ஸ்களை வகை வகையாகப் பார்ப்போம்.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் பழைய மாடலை எடுக்க நான் தயங்க மாட்டேன். என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே விசையைக் கடத்துவது ஆயில் என்பதால், நெரிசலில் ஊர்ந்தாலும் கிளட்ச் தேயும் பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஐசின் நிறுவனத்தின் 6-வேகப் பெட்டிகள், 2009-இல் வந்த இசட்எஃப் நிறுவனத்தின் '8எச்பி' என்ற 8-வேகப் பெட்டி ஆகியவை பல கம்பெனி கார்களில் ஓடிப் பெயரெடுத்தவை. இதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடும் பழைய ஆயிலும்தான். 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று கார் கம்பெனி சொல்லும் இடங்களில்கூட, 8எச்பியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேளுங்கள்.

டூயல் கிளட்சில் டிரை, வெட் என்ற வித்தியாசம்தான் எல்லாமே. ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ250 என்ற கியர்பாக்ஸ் வெட் வகை. கிளட்ச் ஆயிலில் முழுகி இருப்பதால் சூடு தாங்கும், ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். 250 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை தரும் சிறிய என்ஜின்களுக்கான 7-வேக டிக்யூ200 டிரை வகை. 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில் அந்த சிந்தெடிக் ஆயிலால் கியர்பாக்ஸின் மின்சப்ளையில் கோளாறு வந்ததுதான் காரணம். பின்னாளில் வந்தவை மேம்பட்டவை, உண்மைதான். ஆனாலும் தினமும் நெரிசலில் ஊர்கிற ஒருவர் டிரை கிளட்ச் காரை தள்ளுபடிக்காக மட்டும் எடுப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. திறந்த சாலையில் அதிகம் ஓட்டுபவர், வாரண்டி முடியும் முன்பே விற்றுவிடுபவர் என்றால் யோசிக்கலாம்.

சிவிடியைப் பொறுத்தவரை பெல்ட்டும் ஆயிலும்தான் உயிர். நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடி வாரண்டியை 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. எல்லா கம்பெனி சிவிடியும் அப்படி இல்லை என்பதால், வகையின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட மாடலின் வரலாறுதான் இங்கே முக்கியம். கெட்டுப்போனால் பெரும்பாலும் பழுது பார்க்காமல் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். 'ஈ-சிவிடி' என்று எழுதியிருக்கும் டொயோட்டா ஹைப்ரிட் வேறு ரகம். 1997-இல் வந்த பிரியஸிலிருந்து தொடரும் அந்த அமைப்பில் பெல்ட்டே கிடையாது, கிரக கியர்களும் (நடுச் சக்கரத்தைச் சுற்றிவரும் பல்சக்கரங்கள்) மின்மோட்டார்களும்தான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸை மோட்டார் இயக்குவது. மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும், செலவு குறைவு. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

சரி, பெட்டி எதுவென்று தெரிந்துவிட்டது, அப்புறம் பேரம். டீலர் பெரும்பாலும் கடனில்தான் ஸ்டாக் எடுத்து வைத்திருப்பார். ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசியில் டார்கெட்டும் கழுத்தை நெரிக்கும். ரொம்பக் காத்திருந்தால் விலை இன்னும் இறங்கலாம், ஆனால் உங்களுக்கு வேண்டிய கியர்பாக்ஸ் உள்ள வேரியன்ட் போய்விடும். மிஞ்சுவது யாரும் கேட்காத நிறமும் வேரியன்ட்டும்தான். சீட் கவர், மேட் என்று தருவதை தள்ளுபடியில் சேர்க்காதீர்கள். ரொக்கமாகக் குறைப்பது ஒரு கட்டத்துக்கு மேல் நகராவிட்டால், கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் கேளுங்கள். டீலருக்கு அதன் அடக்கவிலை நீங்கள் கட்டுவதைவிடக் குறைவு, ஆட்டோமேட்டிக் வாங்குபவருக்கோ அதைவிடப் பயனுள்ள இனாம் இல்லை. ஆனால் விதிமுறைகளில் கியர்பாக்ஸை இயக்கும் மின்னணுக் கருவியான கன்ட்ரோல் யூனிட்டின் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கிளட்சைத் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கியிருப்பார்கள். டிரை டூயல் கிளட்சில் பணம் போகும் இடமே அதுதான்.

காரையும் நேரில் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்த டயர். கார் எப்போது தயாரானது என்பதற்கு அது ஒரு துப்பு, காரில் பொருத்தியிருக்கும் கம்பெனித் தகட்டில் உள்ள தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். எட்டு பத்து மாதம் வெயிலில் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டுத்தரச் சொல்லுங்கள். டீலர் முன்பே தன் பெயரில் பதிவு செய்த கார் என்றால் வாரண்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்திருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது என்ஜின் ஆறியிருக்கும்போதே. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு, நடக்கும் வேகத்தில் ஊரவிடுங்கள், ஸ்டியரிங்கில் சிறு உதறல் வந்தாலும் கைக்குத் தெரியும். ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். ஆறிய நிலையில் வராத உதறல் சூட்டில் வரும். எல்லாம் திருப்தி என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த காரின் சேசிஸ் எண்ணை புக்கிங் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓட்டிப் பார்த்தது ஒன்று, டெலிவரிக்கு வருவது இன்னும் பழைய ஸ்டாக்கில் இருந்த இன்னொன்று என்று ஆகிவிடும்.