இழுத்தால் நகராத டிசைனும் என் தலையில் கட்டப்பட்ட போலி கிராபிக்ஸ் கார்டும்

பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர்கள் யாராவது பழைய கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரைவதற்கென்று கணினிக்குள் செருகும் பலகை) வாங்கும் யோசனையில் இருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி என்னிடம் விற்கப்பட்டது அந்தக் கார்டே அல்ல. வயிற்றெரிச்சல் அதோடு முடியவில்லை. என் கணினியில் இருந்த கோளாறுக்கு எந்தக் கார்டும் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

கோளாறு இதுதான். இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் பேனர் கோப்பைத் திறந்து ஒரு படத்தைப் பிடித்து இழுத்தால், கர்சர் போய்ச் சேர்ந்துவிடும். படம் பின்னாலேயே குதித்துக் குதித்து வரும். பட்டனை விட்ட இடம் ஒன்று, படம் உட்காரும் இடம் வேறு. முகூர்த்த மாதத்தில் வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “தம்பி, தாத்தா படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள்” என்பார். தள்ளினால் தாத்தா முதலில் அசையமாட்டார். பிறகு ஒரே பாய்ச்சலில் போய் மாப்பிள்ளையின் தலைமேல் உட்காருவார். மறுபடி கண்ட்ரோல்-இசட், மறுபடி இழுப்பு. பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் பிடித்தது.

சரிபார்க்கக் கூப்பிட்டது, கடைவீதியில் கணினி விற்பனையும் சர்வீஸும் சேர்த்துச் செய்யும் ஒரு கடையை. பெயரைச் சொல்லவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. வந்த பையன் மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைக்கூடத் திறக்கவில்லை. “ரேம் பத்தாது அண்ணே” என்றான். ரேம் போட்டோம், ஒன்றும் மாறவில்லை. அடுத்ததாக முதலாளியே பேசினார்: “கார்டு இல்லாமல் டிசைன் வேலை ஓடாது சார். கம்பெனிச் சரக்கு, லேசாகப் பயன்படுத்தியது, ஒன்பதாயிரத்துக்குத் தருகிறேன்.”

கார்டு வந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் அவர்களே பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார்கள். போகும்போது ஓர் எச்சரிக்கை வேறு: “டிரைவரை அப்டேட் மட்டும் செய்துவிடாதீர்கள் சார், திரை கறுத்துவிடும்.” டாஸ்க் மேனேஜரில் 1050 டிஐ என்று பளிச்சென்று பெயர் தெரிந்தது. தாத்தா மட்டும் பழையபடி குதித்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டதற்கு, “மவுஸ் பழசு, கேமிங் மவுஸ் போடுங்கள்” என்று அதையும் விற்கப் பார்த்தார்கள்.

சிவகாசியில் அச்சகத்தில் டிசைனராக இருக்கும் நண்பரிடம் போனில் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது: “கர்சர் திக்குகிறதா, படம் மட்டும் திக்குகிறதா?”

காலியான டெஸ்க்டாப்பில்கூடக் கர்சரே விட்டுவிட்டு ஓடினால் சந்தேகம் மவுஸ், ரிசீவர், மானிட்டர் பக்கம் போக வேண்டும். வயர்லெஸ் ரிசீவரை யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகியிருந்தால், அங்கே எழும் மின்காந்த இரைச்சல் மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 4கே மானிட்டரைப் பழைய எச்டிஎம்ஐ 1.4 துளையில் மாட்டினால், நொடிக்கு 30 முறைதான் திரை மாறும், எல்லாமே இழுவையாகத் தெரியும். என்னிடம் இந்த இரண்டும் இல்லை. கர்சர் வெண்ணெய்போல ஓடியது, பிடித்து இழுத்த பொருள்தான் பின்தங்கியது. அப்படியானால் மவுஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. மென்பொருளால்தான் அந்தப் பொருளைச் சட்டென்று திரும்ப வரைய முடியவில்லை.

அடுத்து கண்ட்ரோல்-ஒய் அழுத்தச் சொன்னார். வண்ணமும் நிழலும் மறைந்து வெறும் கோடுகள் மட்டும் தெரியும் நிலை அது. அதில் தாத்தா சொன்னபடி கேட்டார். படத்துக்குக் கொடுத்திருந்த நிழலில்தான் வம்பு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. எஃபெக்ட் மெனுவில் டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நிழல் போன்றவற்றை எவ்வளவு நெருக்கமான புள்ளிகளாக வரைய வேண்டும் என்று சொல்லும் இடம் அது. அச்சுக்கான புதுக் கோப்பைத் திறந்தால் மென்பொருள் அதைத் தானாகவே அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் வைத்துவிடும். பத்திரிகைக்கு அது சரி. 10 அடிக்கு 8 அடி பேனரில், முழுப் பரப்பையும் அடைக்கும் ஒரு பொருளுக்கு நிழல் கொடுத்தால் 36,000-க்கு 28,800, அதாவது 103 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். அதையே 72-க்கு இறக்கினால் சுமார் ஆறு கோடி. தெருமுனையில் நின்று பார்க்கிற பிளெக்ஸுக்கு அதுவே தாராளம். நிழல், மங்கல் போன்றவற்றைக் கணக்கிடுவதும் பெரும்பாலும் பிராசஸர் தலையில்தான் விழும். எவ்வளவு உயர்ந்த கார்டு போட்டிருந்தாலும் இந்த இழுவை பெரிதாகக் குறைந்திருக்காது.

72-க்கு மாற்றினேன். படம் கையோடு வந்தது. செலவு ஒரு போன் அழைப்பு.

கார்டின் குட்டு தனியாக வெளிப்பட்டது. கோளாறு தீர்ந்த தைரியத்தில் என்விடியா தளத்திலிருந்து 1050 டிஐ-க்கான டிரைவரை இறக்கி ஏற்றினேன். கடைக்காரர் சொன்னபடியே திரை கறுத்தது. ஆனால் ஏன் கறுக்க வேண்டும்? உண்மையான கார்டு தன் சொந்த டிரைவரைக் கண்டு பயப்படுமா?

சேஃப் மோடில் போய் அதை நீக்கிவிட்டு, கார்டின் விவரங்களைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓடவிட்டேன். இத்தகைய போலிகளைக் கண்டுபிடிக்கும் வசதி 2018 முதல் அதில் இருக்கிறது. கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஃபேக்’ என்று காட்டியது. உள்ளே இருந்த சிப் ஜிஎஃப்116. 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ என்ற கார்டில் இருந்தது அது. அதில் கணக்குப் போடும் கோர்கள் 192. 2016-இல் வந்த அசல் 1050 டிஐ-யில் 768. பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரலை மாற்றி எழுதி, புதுப் பெயரைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜர் கார்டு சொல்லும் பெயரைத்தான் திருப்பிச் சொல்கிறது; அதை நம்பாதீர்கள். அந்தப் பழைய தலைமுறைக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2018-இல் நிறுத்திவிட்டது. அப்டேட் செய்யாதே என்ற அக்கறை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

கணினியைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கார்டின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். என் கார்டில் நீல நிறத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து ஓட்டைகளோடு விஜிஏ துளை இருந்தது. 1050 டிஐ வந்த தலைமுறையிலேயே விஜிஏ-வுக்கான அனலாக் வெளியீட்டை என்விடியா கைவிட்டுவிட்டது. அசலில் டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்தான் வரும். “பழைய மானிட்டரையும் மாட்டிக்கொள்ளலாம் சார்” என்று கடைக்காரர் பெருமையாகச் சுட்டிக்காட்டியது அந்த நீலத் துளையைத்தான். தன் திருட்டைத் தானே விளம்பரம் செய்த மனிதர்!

கார்டோடு போய்க் கேட்டேன். “பில் இருக்கிறதா?” என்றார். கொடுத்தது பில்லே அல்ல. மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. ‘கிராபிக்ஸ் கார்டு – 1’ என்று எழுதியிருந்தது, மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. “பழைய சரக்குக்கு செக்கிங் வாரண்டிதான்” என்றார். பிறகு இறங்கிவந்து, அதைக் கொடுத்துவிட்டு மேலே நாலாயிரம் போட்டால் வேறு கார்டு தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

பணத்தை யுபிஐ-யில் அனுப்பியிருந்தேன். விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடலில் 1050 டிஐ என்று அவரே எழுதியிருக்கிறார். இவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இப்படி ஒரு கார்டு உங்களிடமும் இருந்தால், ஜிபியு-இசட் திரையைப் படம்பிடித்து வையுங்கள், பின்பக்கத் தகட்டையும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். மாற்றித் தருகிறேன் என்று கூப்பிட்டால் எழுத்தில் எதுவும் வாங்காமல் கார்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.