மொட்டை மாடிக் கசிவுக்குப் பொறியாளர் ஆய்வு: கட்டணத்துக்குத் தகுமா?

சென்னை நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீடு 1990-களில் கட்டப்பட்டது. கான்கிரீட் கூரை, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கி, அதற்கும் மேல் தட்டோடு என்று அந்தக் காலத்துச் சென்னை வீடுகளுக்கே உரிய அமைப்பு. கூடத்துக் கூரையின் மூலையில் ஓதம் படர்ந்து பூச்சு உரியத் தொடங்கியதால், பழுதுவேலை எதையும் எடுத்துச் செய்யாமல் ஆய்வு மட்டும் நடத்தி அறிக்கை தரும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அலுவலகத்தை அழைத்தோம். கட்டணம் 5,000 ரூபாய். கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது என்பதே என் கருத்து. ஆனால் கூரையில் ஒரு கறை தெரிந்ததும் எல்லோரும் இந்தச் செலவைச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

அதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இலவச ஆய்வுக்கு வந்திருந்தார்கள். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுத் தளத்துக்கும் சதுர அடிக் கணக்கில் விலைப்புள்ளி கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பொறியாளர் மாடிக்கு ஏறுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, கோடையிலும் அந்த மூலை ஈரமாக இருக்குமா என்பதுதான். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஓதம் காயவில்லை என்றால் மழையைவிடக் குழாயையும் தொட்டியையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோடையிலும் அது காய்ந்ததில்லை. ஈரமானியை வைத்துக் கூரையின் அடிப்பகுதியை வரிசையாக அளந்துகொண்டே போனவர், மேலே நீர்த்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தில் வந்து நின்றார். கறையோ அங்கிருந்து பல அடி தள்ளி இருந்தது. தட்டோட்டுக்கு அடியில் புகுந்த நீர் ஜல்லி அடுக்குக்குள்ளேயே வாட்டம் பார்த்து ஓடி, கான்கிரீட்டில் விரிசல் கிடைக்கும் இடத்தில்தான் கீழே இறங்கும் என்று அவர் விளக்கியபோது, கறைக்கு நேர் மேலே பூச்சு அடிப்பது ஏன் பயன்படாது என்பது புரிந்தது. ஓடுகளை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டி, வெற்றொலி எழுந்தவற்றைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். அடிப்பிடிப்பு விட்ட ஓட்டின்மீது எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும், ஓடு அசையும்போது அதுவும் விரிந்துவிடும்.

ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி, நாங்கள் கவலையே படாத ஓர் இடத்தைப் பற்றியது. மாடிப்படி அறையின் சன்ஷேடில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூசி மூடிவிட்டால் துரு நிற்காது, கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அவர் ஓரத்தில் சிறிது உடைத்து, புதிதாகத் தெரிந்த பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குறையாத கான்கிரீட் அதில் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயுவால் காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாது. கம்பியைச் சுற்றி நிறம் மாறவில்லை. கூடத்துக் கூரையில் எடுத்த மாதிரி நன்றாகச் சிவந்தது. எங்கே உடைத்துக் கட்ட வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதை எங்களால் கண்ணாரக் காண முடிந்தது.

தளத்தில் நீரைத் தேக்கிப் பார்க்கும் சோதனையை அவர் செய்யவில்லை, அதற்குக் காரணமும் சொன்னார். 1,000 சதுர அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 2,360 லிட்டர், அதாவது இரண்டேகால் டன்னுக்கும் மேல். கூரையின் வலு தெரியாமல் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது. வெளியில் பலர் துணிந்து செய்யும் சோதனை இது என்பதால் குறிப்பிடுகிறேன்.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதை வைத்து வேலை செய்ய வேண்டிய கொத்தனாருக்கு நான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. சொன்ன நாளில் அது கைக்கு வரவும் இல்லை. கறை படிந்த இடங்களைத் தமிழில் குறித்த ஒரு வரைபடமாவது அவர்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலை என்று பார்த்தால் குழாய் இணைப்பு, அதைச் சுற்றிய ஓடுகள், சன்ஷேட் ஆகியவற்றோடு முடிந்தது. செலவு முதலில் வந்த விலைப்புள்ளியில் பாதியைக்கூட எட்டவில்லை.

வடிகுழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவதற்கும், மழை விட்ட மறுநாள் நீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்பதற்கும், கைப்பிடிச் சுவரின் அடியில் முளைக்கும் அரசங்கன்றை வேர் தடிக்குமுன் பிடுங்குவதற்கும் பொறியாளர் தேவையில்லை. இவற்றைச் செய்த பிறகும் ஓதம் பரவினாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ, கூரையின் நடுப்பகுதி தொய்வதாகத் தோன்றினாலோ தயங்காமல் அழைக்க வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்தில் மர விட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே பாரம் தாங்கும் தேக்கு விட்டத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், கரையானும் ஈரமும் அரிப்பது வெளியே தெரிவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கூரையின்மீது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக ஏறாதீர்கள், அது காலடியில் உடையும்.

செப்டம்பர் பிறந்தால் இவர்களிடம் நாள் கிடைப்பது கடினம். ஜூன், ஜூலையில் கூப்பிட்டால், அறிக்கை தாமதமானாலும் பழுது பார்க்கவும் பூசிய சிமெண்டை நீராற்றவும் மழைக்கு முன் அவகாசம் இருக்கும்.